வேலம்மா பேரில் ஒரு சாவி

"அக்கா, நம்ம ஆபீசை இழுத்து மூடிடலாம்," என்றான் சுஹைல். "திருடன் யாருன்னு பேரைப் பிரிச்சிப் பாத்தே சொல்லிடுறாராம். ரேகை வேணாம், சாட்சி வேணாம். ரேஷன் கார்டு இருந்தா போதும்."

படகு பழவேற்காடு ஏரியைக் குறுக்காகக் கடந்துகொண்டிருந்தது. தேவதர்ஷினி செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எதிர்வெயிலுக்குக் கண்ணை இடுக்கி, கழிமுனைக்குப்பத்தின் கூரைகளைப் பார்த்தாள். மீஞ்சூர் ஸ்டேஷன் ரோட்டில், ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவள். அதற்கு முன்னால் அப்பாவின் மிளகாய் மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவள். ஒருவர் மூட்டையைத் தட்டிப் பார்க்கிற விதத்திலேயே, வாங்க வந்தவரா வெறுமனே விலை விசாரிக்க வந்தவரா என்று சொல்லிவிடுவாள். துப்பறியும் தொழிலில் அவள் போட்ட முதல் அவ்வளவுதான்.

சுஹைலுக்குப் பழவேற்காடே சொந்த ஊர். பழைய வியாபாரக் குடும்பம். கப்பல்கள் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. பேரம் பேசும் நாக்கு மட்டும் சேதாரமில்லாமல் அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. அவனுடைய அம்மா கைருன் பீவிக்கு இறால் கொண்டுவந்து கொடுக்கிறவள் வேலம்மா. இறால் வந்த வழியில்தான் இந்த வழக்கும் வந்தது.

கழிமுனைக்குப்பத்துக் கங்கையம்மனுக்கு ஒரு வெள்ளி முகம் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் சாத்துவார்கள், பூஜை முடிந்ததும் கோயில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பெட்டிச் சாவி வருஷத்துக்கு ஒரு வீட்டில் இருக்கும். போன வருஷம் தினகரன் வீடு, இந்த வருஷம் வேலம்மா வீடு. புயலுக்கு முந்தைய சனிக்கிழமை காலையில் அமாவாசை பூஜைக்காகப் பெட்டியைத் திறந்தார்கள். பூட்டு பூட்டியபடி இருந்தது. முகத்தைத்தான் காணவில்லை. மறுநாள் வீடு வீடாகத் தேடினார்கள், கிடைக்கவில்லை. போலீசுக்குப் போகலாமா என்று யாரோ கேட்டதற்கு ஊர்த் தலைவர் நீலமேகம் ஒப்பவில்லை. முகம் கிடைத்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போய்விடும், அப்புறம் வாய்தாவுக்கு வாய்தா போய்த்தான் கும்பிட வேண்டும் என்றுவிட்டார்.

அப்போதுதான் சொல்ஞானி செங்கல்வராயன் வந்து இறங்கினார்.

மீஞ்சூரில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துக்கொண்டிருந்தவர். ஊரிலுள்ள மாப்பிள்ளை பெண் பேரையெல்லாம் எழுத்தெழுத்தாகக் கோத்துப் பார்த்ததில், தெய்வம் ஒவ்வொரு பேருக்குள்ளும் ஒரு சேதியை ஒளித்து வைத்திருக்கிறது என்று அவருக்குப் பட்டுவிட்டது. இப்போது அச்சகம் இல்லை. செல்போனில் ஒரு சேனல் இருந்தது. கழிமுனைக்குப்பத்துக்கு அவர் கொடுத்த விளக்கம் இப்படிப் போயிற்று: பழவேற்காடு என்பது பழ, வேல், காடு. ஊர்ப் பேரின் வயிற்றிலேயே ஒரு வேல். வேலம்மா பேரிலும் வேல். அவள் வீட்டு வாசலில் நிற்பது கருவேல மரம். சாவி என்பது என்ன? நீளமாக, முனையோடு, ஒரு துளைக்குள் போவது. அதுவும் ஒரு சின்ன வேல். அவள் பிறந்தது வெள்ளிக்கிழமை, காணாமல் போனது வெள்ளி. அம்மன் இதற்கு மேல் வாய்திறந்து சொல்ல முடியாது.

ஊரில் பாதிப்பேர் நம்பினார்கள். மீதிப்பேர் நம்பவில்லை, ஆனால் பூட்டு உடையவில்லையே, சாவி அவளிடம்தானே என்று நினைத்து வாயை மூடிக்கொண்டார்கள். இன்று சாயங்காலம் ஊர்க்கூட்டம். வேலம்மா வீட்டுப் பங்கைப் பாட்டிலிருந்து எடுத்துவிடுவது என்று பேச்சு.

பாடு என்றால் என்னவென்று மீஞ்சூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். ஏரியில் வலை கட்டும் இடங்களை இந்தக் குப்பத்தார் தங்களுக்குள் முறை வைத்துக்கொள்கிறார்கள். இந்த வாரம் இந்த இடம் உன் குழுவுக்கு. ஞாயிற்றுக்கிழமை மாறினால் என் குழுவுக்கு. அண்ணன் தம்பி பேசாமல் இருப்பார்கள், மாமன் மச்சான் மண்டையை உடைத்துக்கொள்வார்கள், ஆனால் அடுத்தவன் முறையில் மட்டும் எவனும் அங்கே கழி ஊன்ற மாட்டான். அந்த முறையில் பங்கு இல்லாதவனுக்கு ஏரி வெறும் தண்ணீர்.

கரையில் வேலம்மா காத்திருந்தாள். பக்கத்தில் மகன் மோகன்குமார், வேலையில்லாத கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

"காட்டுப்பள்ளி துறைமுகம் வேணாம்னு இவன் கொடி புடிச்சிக்கினு கேட்டாண்ட நின்னான்," என்றாள் வேலம்மா. "பங்கு போச்சுன்னா அதே கேட்டுல தொப்பி போட்டுக்கினு காவல் நிக்கணும். எனக்கு இந்தப் பேரு வெச்சது எங்க நைனா. அவரு போயி எவ்ளோ காலமாச்சு. யாராச்சும் போயி கேட்டுக்கினு வாங்க, இன்னாத்துக்கு வெச்சேன்னு."

தேவதர்ஷினி சாவியைப் பற்றிக் கேட்டாள். அது எப்போதும் வேலம்மாவின் தாலிக்கயிற்றில்தான் இருக்கும், குளிக்கும்போதுகூடக் கழற்றுவதில்லை என்றாள். மாற்றுச் சாவி உண்டா என்றால் ஊருக்குத் தெரிந்து இல்லை.

"குத்தவாளியைச் சொன்னாரு. பரிகாரம் ஒண்ணும் சொல்லலியா?" என்று கேட்டாள் தேவதர்ஷினி. "பரிகாரம் இல்லாத ஜோசியரை நான் பாத்ததில்ல."

மோகன்குமார் தயங்கித் தயங்கிச் சொன்னான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் கல்லடி என்று ஓர் இடம். புயல் வாரத்தில் அது தினகரன் குழுவின் முறை. புயல் கூண்டு ஏற்றிவிட்டதால் படகு எதுவும் போகவில்லை. கூண்டை இறக்கியபோது ஞாயிறு வந்துவிட்டது. முறை மோகன்குமார் குழுவுக்கு மாறிவிட்டது. அவர்கள் வலையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதுதான் சொல்ஞானியின் சேதி வந்தது. களங்கப்பட்ட கை கல்லடியில் படக்கூடாது. தினகரன் குழுவே இன்னொரு சுற்று அங்கே இருக்க வேண்டும். தினகரன் என்றால் சூரியன், இருட்டில் போனதைச் சூரியன்தான் காட்டும். கூட்டம் முடிகிறவரை கல்லடிக்கு யாரும் போகவேண்டாம் என்று தலைவர் நிறுத்தி வைத்திருந்தார்.

"கல்லடி அவ்வளவு நல்ல எடமா?" என்றாள் தேவதர்ஷினி.

வேலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பத்து நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும். மகன் திரும்பிப் பார்த்தான். "இப்பவா? புயல் தண்ணி வந்தப்புறம் அங்க இன்னா கீது, சேறுதான். இறாலு பூரா வடக்கால ஓடுது. அந்த வடக்குப் பக்கம் இப்போ தினகரன் ஆளுங்க முறை. அதை வுட்டுட்டு இவன் சேத்துக்கு அடிச்சிக்கிறான். சாமி சொல்லிச்சுன்னு கட்டுப்படுறான் போல. நல்ல புள்ளைதான்."

தேவதர்ஷினி செருப்பை மணலில் போட்டுக் காலை நுழைத்தாள். மண்டியில் அப்பா ஒருமுறை ஒரு வாடிக்கைக்காரரைக் கண்ணால் காட்டியது ஞாபகம் வந்தது. அந்த ஆள் குண்டூர் மிளகாயை ஒதுக்கிவிட்டு, நனைந்துபோன ஒரு மூட்டையையே சுற்றிச் சுற்றி வந்தார். அப்பா அந்த மூட்டையை விற்கவில்லை. அவர் போன பிறகு பிரித்துப் பார்த்தார்கள். நனைந்த மிளகாய்க்கு அடியில், இறக்கும்போது கூலிக்காரன் தவறவிட்ட தங்க மோதிரம் கிடந்தது.

"வா, சொல்ஞானியைப் பாத்துட்டு வரலாம்," என்றாள்.

செங்கல்வராயன் தங்கியிருந்தது தினகரன் வீட்டில். வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மடியில் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை ஜிப்பாவில் மீன் குழம்பு ஒரு தேசப்படம் வரைந்திருந்தது. தினகரனின் மனைவி மாலா, வாசலில் விறகடுப்பை ஊதிக்கொண்டே அவருக்குப் பரிமாறினாள். தினகரன் வலைக்குப் போடும் ஈயக்குண்டு வாங்கப் பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறானாம்.

சோறு பருக்கை பருக்கையாக நிற்கிறது, நேற்றுக் குழைவாக இருந்ததே என்று சொல்ஞானி மென்மையாகக் குறைபட்டுக்கொண்டார். மாலாவுக்கு ஏற்கெனவே அடுப்புப் புகையில் கண் எரிந்துகொண்டிருந்தது. அவள் வீட்டுப் பெரிய குக்கர் புயலுக்கு முன்னாலேயே காணாமல் போயிற்று. கேட்டால், கைப்பிடி ஆடுகிறது என்று ஆரம்பாக்கத்தில் ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறேன் என்கிறார் வீட்டுக்காரர். பஸ்ஸில் போய் வாங்கி வருகிறேன் என்றால் எரிந்து விழுகிறார். பெரிய பானையில் வடித்துக் கொட்டி அவளுக்குக் கை வெந்துபோயிற்று.

"குக்கர் கைப்பிடிக்கு ஆரம்பாக்கம் வரைக்கும் போன ஆளை இன்னிக்குத்தான் கேள்விப்படுறேன்," என்றான் சுஹைல் தனக்குள் பேசுவதுபோல. தேவதர்ஷினி அவன் காலை மிதித்தாள்.

பிறகு செங்கல்வராயன் பக்கம் திரும்பி, வேலம்மா வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்ற சேதி அவருக்குத் தியானத்தில் கிடைத்ததா என்று பணிவாகக் கேட்டாள். இல்லை, ஓர் அன்பர் சொன்னார் என்றார் அவர். கருவேல மரம்? அதே அன்பர். சாவி யாரிடம் இருக்கிறது என்பது? அன்பர்தான். கல்லடி?

"அதுவும் அன்பர் கேட்டதுதான் அம்மா. 'கல்லடின்ற பேர்ல ஏதாவது சேதி இருக்குதா சாமி, பாத்துச் சொல்லுங்க'ன்னு கேட்டார். கேட்டால் இல்லாமல் போகுமா? எந்தப் பேரைக் கேட்டாலும் உள்ளே ஏதாவது இருக்கத்தான் செய்யும்." அவர் அதைப் பெருமையாகத்தான் சொன்னார். அவர் முகத்தில் கள்ளத்தனம் துளியும் இல்லை. ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"அன்பர் வீட்டுச் சாப்பாடுதானே இது?" என்றாள் தேவதர்ஷினி. அவர் தலையாட்டினார்.

சுஹைலுக்குப் பொறுக்கவில்லை. "சாமி, எனக்கும் ஒண்ணு தோணுது. வேலூர்ல இவ்ளோ பெரிய ஜெயிலு கட்டியிருக்காங்களே. ஊர்ப் பேரே வேல்ல ஆரம்பிக்குது பாருங்க."

செங்கல்வராயன் சோற்றை விட்டுவிட்டு இடது கையால் செல்போனை எடுத்தார். அதை மெதுவாக இன்னொரு முறை சொல்லும்படி கேட்டுப் பதிவு செய்துகொண்டார். பெயர் போடலாமா, அல்லது 'ஓர் இளைஞர்' என்று மட்டும் சொல்லட்டுமா என்று விசாரித்தார்.

போகிறபோது அவர் தேவதர்ஷினியின் பேரைக் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "தேவ தர்ஷினி. தெய்வத்தைக் காண்கிறவள். அம்மன் முகம் திரும்பி வரும்போது முதலில் பார்க்கப்போவது நீங்கள்தான்."

"அவங்க அப்பா அந்தப் பேரை மிளகாய் மூட்டைக்கு மார்க்காவா வெக்கலாம்னு இருந்தாராம் சாமி," என்றான் சுஹைல். "அதுக்குள்ள இவங்க பொறந்துட்டாங்க."

தெருமுனை திரும்பியதும் தேவதர்ஷினி நின்றாள். கைருன் பீவியிடம் பெரிய குக்கர் இருக்கிறதா, இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் எங்கம்மா எந்தப் பாத்திரத்தையும் வெளியே அனுப்ப ஆயிரம் நியாயம் கேட்பார்கள் என்று இழுத்தான் அவன். அந்தப் பேரத்தை நீயே பார்த்துக்கொள் என்று அவனைப் படகில் ஏற்றிவிட்டு, அவள் நீலமேகத்தைத் தேடிப் போனாள்.

சாயங்காலம் கோயிலை ஒட்டிய வலைக்கூடத்தில் ஊர் கூடியது. ஆண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்னால் தூண்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையில் செங்கல்வராயன் துவைத்த ஜிப்பாவோடு இருந்தார். அவர் பக்கத்தில் தினகரன். கட்டுமஸ்தான ஆள், சிரித்த முகம். ஊரில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் பந்தலுக்கு முதல் கழி ஊன்றுகிறவன் என்று பெயர். வேலம்மா கூட்டத்தின் ஓரத்தில் தனியாக நின்றாள். அவள் நின்ற இடத்தைச் சுற்றி யாரும் நெருங்காமல் ஒரு வெற்றிடம் விழுந்திருந்தது. அதைப் பார்த்தால் தீர்ப்பு எழுதியாகிவிட்டது போலிருந்தது.

சுஹைல் கடைசிப் படகில் வந்து சேர்ந்தான். தோளில், கோணிச் சாக்கு சுற்றிய கனமான உருண்டை ஒன்று. அதைத் தலைவரின் காலடியில் இறக்கிவிட்டுப் பெருமூச்சு விட்டான். சாக்கின் ஓரமாக ஒரு குக்கர் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தினகரன் அதைப் பார்த்தான். சிரிப்பு முகத்தில் அப்படியேதான் இருந்தது, ஆனால் அதை இப்போது அவன் பிடித்து வைத்திருக்க வேண்டியிருந்தது.

நீலமேகம் பேசச் சொன்னார். தேவதர்ஷினி எழுந்தாள். தனக்கு அம்மன் முகத்தைப் பற்றிப் பேச இப்போது அவசரமில்லை என்றாள். திருட்டு எந்த ஊரிலும் நடக்கிறதுதான், அதற்குத் தண்டனை ஊருக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் நடக்கக்கூடாத ஒன்று நடந்திருக்கிறது, முதலில் அதைக் கேட்க வேண்டும் என்றாள். கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

"கல்லடியில ஒரு குக்கர் கெடக்குது," என்றாள். "தினகரன் அண்ணன் வீட்டுக் குக்கர். புயல் கூண்டு இறங்கினப்புறம், மோகன்குமார் ஆளுங்க முறை வந்தப்புறம், யாருக்கும் தெரியாம அண்ணன் அங்க எறங்கிப் போட்டிருக்காரு. அடுத்தவங்க முறையில."

வலைக்கூடம் அதிர்ந்தது. அம்மன் முகம் போன அன்றுகூட இவ்வளவு சத்தம் எழுந்திருக்காது. பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்தே விட்டார்கள். மோகன்குமார் தினகரனைப் பார்த்த பார்வையில் சந்தேகத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது. நீயா அப்படிச் செய்தாய் என்று கேட்கிற பார்வை. தினகரனால் தாங்க முடியாமல் போனது அந்தப் பார்வைதான்.

அவன் துள்ளி எழுந்தான். "யாரைப் பாத்து இன்னா பேசுற நீ? எங்க நைனா காலத்துலேர்ந்து எங்க வூட்டு ஆளு எவனாச்சும் அடுத்தவன் முறையில கால வெச்சிருக்கானா, கேளு இந்த ஊரை. கூண்டு ஏத்தறதுக்கு முன்னாடி, என் முறையில, என் கழிக்கடியில கட்டி எறக்குனது அது. மறுநா எடுத்துக்கலாம்னு இருந்தேன், படகு போவக் கூடாதுன்னுட்டாங்க. கூண்டு எறங்குனப்ப முறை மாறிப்போச்சு. மாறினப்புறம் அந்தப் பக்கம் தலை வெச்சிக்கூட படுக்கல நான். அம்மன் மேல சத்தியம்."



முன்னால் இருந்த ஒரு பெரியவர், "முறை தப்பல, சரிதான்," என்று திருப்தியோடு தலையாட்டினார். அடுத்த நொடிதான் அவருக்கும் உறைத்தது. கடைசியாக உறைத்தது தினகரனுக்கு. எந்த அம்மன் மேல் சத்தியம் செய்தோம் என்று நினைத்துப் பார்த்தவன்போல வாயைத் திறந்தபடியே நின்று, மெதுவாக உட்கார்ந்தான்.

"கட்டி எறக்குனியே, அதுக்குள்ள இன்னா இருந்துச்சு?" என்று கேட்டார் நீலமேகம். தலைவர் தானே சாக்கை அவிழ்த்தார். கைகூப்பிவிட்டு மூடியைத் திறந்தார்.

ஆவி பறந்தது. பட்டை கிராம்பு வாசனை வலைக்கூடம் முழுக்கப் பரவியது. நீலமேகம் குக்கருக்குள் பார்த்தார், பிறகு சுஹைலைப் பார்த்தார்.

"இறால் பிரியாணி," என்றான் சுஹைல். "எங்கம்மா காலிப் பாத்திரம் வெளியே அனுப்ப மாட்டேன்னுட்டாங்க. இது எங்க வூட்டுக் குக்கரு தலைவரே. அது இன்னும் தண்ணிக்கடியிலதான் கீது. அக்கா கெடக்குதுன்னுதான் சொன்னாங்க, எடுத்துக்கினு வந்தோம்னு சொல்லலியே."

மாலா பின்னாலிருந்து வந்தாள். கணவனிடம் எதுவும் கேட்கவில்லை. ஆரம்பாக்கத்து ரிப்பேர்கடை எது என்று மட்டும் கேட்டாள். தினகரன் தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். சாவி தன் வீட்டில் இருந்த வருஷத்தில் சோப்பில் அழுத்தி அச்சு எடுத்து வைத்தது. முகத்தை உருக்கித் தருவதாக ஆரம்பாக்கத்தில் ஒருவன் சொன்னது. வீடு வீடாகத் தேடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், கையில் அகப்பட்ட குக்கரில் போட்டு மூடி, ஞாயிறு விடியற்காலையில் தன் முறை தொடங்கியதும் கல்லடிக்குக் கொண்டுபோனது. முறை மாறிப்போனதும் அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. மோகன்குமார் ஆட்கள் அங்கே வலை கட்டினால் குக்கர் அவர்கள் காலில் தட்டும். ரகசியமாகப் போய் எடுக்கலாம். ஆனால் அது அடுத்தவன் முறை. முறையே திரும்பத் தன் கைக்கு வந்தால்தான் இறங்க முடியும். அதற்கு ஒரு தெய்வ வாக்கு தேவைப்பட்டது. தெய்வ வாக்குக்கு வேலம்மா தேவைப்பட்டாள்.

நல்ல இறால் ஓடுகிற வடக்கை விட்டுவிட்டு ஒருவன் சேற்றைக் கேட்டபோதே தனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்றாள் தேவதர்ஷினி. அப்புறம் மாலாவின் குக்கர் கதையையும் கேட்ட பிறகு, சேற்றில் என்ன கிடக்கிறது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. ஆனால் திருடினாயா என்று கேட்டிருந்தால் அவன் இல்லை என்றிருப்பான். அதனால்தான் அவன் செய்யாத குற்றத்தைப் பற்றிக் கேட்டாள்.

எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். அங்கே போனதும் நின்றுவிட்டார்கள். கல்லடிக்கு யாரும் போகக்கூடாது என்ற தலைவரின் உத்தரவு இன்னும் இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, அம்மன் தண்ணீருக்கடியில் காத்திருந்தாள், ஊரே முழங்கால் தண்ணீரில் நின்றது. ஒரு படகும் நகரவில்லை. நீலமேகம் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, கல்லடி மோகன்குமார் குழுவின் முறைதான், வேலம்மா வீட்டுப் பங்குக்கு எந்தக் குறையும் இல்லை என்று எல்லோரும் கேட்கும்படி அறிவித்த பிறகுதான் மோகன்குமார் கழியை எடுத்துப் படகைத் தள்ளினான்.

அவன் மூன்றாம் முழுக்கில் குக்கரோடு எழுந்தான். கரையில் வைத்துத் திறந்தார்கள். ரப்பர் வளையம் நன்றாக வேலை செய்திருந்தது. ஒரு துளித் தண்ணீர் உள்ளே போகவில்லை. குலவைச் சத்தம் எழுந்தது, பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தேவதர்ஷினி அந்த நேரத்தில் குக்கர் பக்கமே பார்க்கவில்லை. அவள் வேலம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் நிமிர்ந்தே நின்ற அந்த முகம் இப்போதுதான் நொறுங்கியது. மகன் ஈரக்கையால் அவள் தோளைத் தொட்டதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

தினகரனை என்ன செய்வது என்பதை நாளைக்குப் பேசலாம் என்றார் நீலமேகம். பங்கை எடுத்துவிட வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். தினகரன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேலம்மா மூக்கைச் சிந்திவிட்டு முன்னால் வந்தாள். "பங்கு மேல கைய வெக்காதீங்க. அது இல்லன்னா எப்டி இருக்கும்னு பத்து நாளா நான் பாத்துட்டேன். வேற எது வேணா பண்ணுங்க. மொதல்ல மாலா கிட்ட அந்தக் குக்கரைக் குடுங்க."

செங்கல்வராயன் கூட்டத்தின் ஓரத்தில் வேட்டி நனைந்து நின்றார். அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு நடுவிலும் எதுவோ அவருக்குள் குதித்துக்கொண்டிருந்தது. தினகரன் என்றால் சூரியன், சூரியன் கடைசியில் எங்கே போகிறான், தண்ணீருக்குள்தானே. சேதி முதலிலிருந்தே அங்கேயே இருந்திருக்கிறது, தான்தான் தலைகீழாகப் பிடித்துவிட்டேன் என்று தேவதர்ஷினியிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நேத்தே சொல்லியிருந்தா படகுக் கூலி மிச்சமாயிருக்கும் சாமி," என்றாள் அவள்.

அவர் செல்போனைத் தேடி ஜிப்பாப் பையில் கைவிட்டார். அப்போது வேலம்மா அவருக்கு எதிரில் வந்து நின்றாள். கழுத்துக்கயிற்றிலிருந்து கோயில் சாவியைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள். உள்ளங்கையில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"இந்த வருசத்துக்கு நீயே வெச்சிக்க சாமி. எங்க வூட்டு முறையை உனக்குக் குடுக்கிறேன், தலைவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. இனிமே இந்த ஊர்ல ஒரு குடம் காணாமப் போனாலும் நாங்க யாரையும் தேட மாட்டோம். எல்லாரும் ஒக்காந்து உன் பேரைப் பிரிச்சிப் பாப்போம்."

ஊர் சிரிக்காமல் காத்திருந்தது. செங்கல்வராயன் சாவியைப் பார்த்தார். உதடுகள் லேசாக அசைந்தன. செங்கல் என்று ஆரம்பித்து, அது எங்கே போய் முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

வேலம்மா சாவியைத் திரும்பக் கயிற்றில் முடிந்துகொண்டாள்.